கியான்டியிலிருந்து எல்பா வரை: முதன்முறை சைக்கிள் சுற்றுலா போகிறவர்களுக்கு

இத்தாலியின் டஸ்கனியில் ஒரு வாரம் சைக்கிள் சுற்றுலா போகலாம் என்று பணம் கட்டியபோது நான் பார்த்தது ஒரே ஒரு எண்ணைத்தான்: நாளுக்கு 45 கி.மீ. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈசிஆரில் எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இட்லி சாப்பிடுகிற ஆள் நான். 45 எல்லாம் ஒரு பொருட்டா? அந்த வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் '950 மீட்டர் ஏற்றம்' என்று போட்டிருந்தது. படித்தேன், மண்டையில் ஏறவில்லை. முதல் நாள் பன்ஸானோ மேட்டில் தொடை பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தபோதுதான் ஏறியது.

அதே தப்பை நீங்களும் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் பாதை இது: ஃப்ளாரன்ஸுக்குத் தெற்கே கியான்டி மலைத் திராட்சைத் தோட்டங்கள், அங்கிருந்து சியெனா, வோல்தெர்ரா, கடற்கரைப் பக்கம் போல்கெரி, பியோம்பீனோ துறைமுகத்தில் கப்பல், கடைசியாக எல்பா தீவு. ஏழெட்டு நாள் வேண்டும். சில நிறுவனங்கள் கியான்டியை மட்டும் வைத்திருக்கும், சில கடற்கரையையும் தீவையும் மட்டும் காட்டும். இரண்டையும் சேர்த்து நடத்துகிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். மலையில் நாலு நாள் மூச்சு வாங்கியபின் கடலைப் பார்க்கிற அந்தத் தருணத்துக்காகவே இரண்டும் ஒரே பயணத்தில் இருக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்: ஏற்றக் கணக்கு

ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்குப் பத்து மீட்டருக்குள் வந்தால் சுகமான நாள். பதினைந்தை நெருங்கினால் உழைப்பு. இருபதைத் தாண்டினால் பயிற்சி இல்லாமல் போகாதீர்கள். எனக்கு வந்தது இருபத்தொன்று. ஈசிஆருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஏறக்குறைய பூஜ்ஜியம்தான் வரும். அங்கே எதிர்க்காற்று மட்டும்தான் மேடு.

கியான்டியில் தட்டையான சாலை என்று ஒன்று கிடையாது. பள்ளத்தாக்கில் ஓர் ஊர், முகட்டில் ஓர் ஊர், மறுபடி பள்ளத்தாக்கு. கிரேவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டரில் இருக்கிறது, பன்ஸானோ 500 மீட்டரை ஒட்டி. இடையில் ஆறேழு கிலோமீட்டர்தான். இப்படி ஒரு நாளில் மூன்று முறை ஏறி இறங்கினால் வரைபடத்தில் கையளவு தூரம்கூட நகர்ந்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் கேட்க வேண்டியவை. கூடவே வேன் வருமா, அது நாள் முழுக்கப் பின்னால் வருமா அல்லது பெட்டியை அடுத்த ஓட்டலில் இறக்கிவிட்டு நின்றுவிடுமா? கைடுகள் எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு பேர் குழுவுக்கு இரண்டு பேர் இருந்தால்தான் ஒருவர் கூடவே ஓட்ட, இன்னொருவர் வேனைப் பார்க்க முடியும். ஒவ்வொரு நாளும் குறுக்குவழி உண்டா? தனியாக வருகிறவருக்குத் தனி அறைக் கட்டணம் எவ்வளவு? மதியச் சாப்பாடு விலையில் சேருமா? ஒயின் ருசிக் கட்டணம்? இந்தக் கடைசி இரண்டையும் கேட்காமல் போனால் அங்கே போனபின் பர்ஸ் மெலியும்.

வேன் நாள் முழுக்க வருகிறது என்று சொன்னால் அந்த நிறுவனத்துக்கு என் ஓட்டு. நான் முதல் நாள் வேனில் ஏறிவிட்டேன். வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் பார்த்தால், பல வருஷமாக ஓட்டுகிற ஒரு ஜெர்மன் தம்பதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாங்களாகவே போய் வேனில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிவிட்டது, சாயங்காலம் சியெனாவைச் சுற்றிப் பார்க்கக் கால் வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது.

இ-பைக் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஐரோப்பியச் சட்டப்படி இதன் மோட்டார் 250 வாட். நீங்கள் பெடல் மிதித்தால்தான் உதவும், மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் நின்றுவிடும். ஆகவே இது ஸ்கூட்டர் அல்ல. மேடு பாதியாகக் குறைந்துவிட்ட சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிற கணவனும் அவ்வளவாக ஓட்டாத மனைவியும், அல்லது அதற்கு நேர்மாறாக, சேர்ந்து போகிறபோது சண்டை வராமல் காப்பாற்றுவது இதுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வண்டி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். பேட்டரியைக் காலையிலேயே 'டர்போ'வில் வைத்துத் தீர்த்துவிட்டால் மாலையில் அந்த இருபது கிலோவையும் நீங்கள்தான் ஏற்ற வேண்டும். குறைந்த உதவியில் ஆரம்பியுங்கள், செங்குத்தான இடத்தில் மட்டும் கூட்டுங்கள்.

எப்போது போவது

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். அவ்வளவுதான். ஜூலையிலும் ஆகஸ்டிலும் உள்நாட்டுப் பகுதியில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்கென்ன வெயில் புதுசா என்று நினைக்கலாம், ஆனால் நம்மூர் வெயிலில் நாம் பகல் ஒரு மணிக்கு மலை ஏறுவதில்லை. தவிர, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலி முழுக்க விடுமுறை. எல்பாவில் கால் வைக்க இடமிருக்காது. சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும். அந்தச் சமயத்தில் அங்கே அறை தேடுவது தீபாவளிக்கு முதல் நாள் ரயில் டிக்கெட் தேடுகிற மாதிரி.

என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி வாரங்கள். திராட்சை பறிக்கும் காலம். சாலையில் டிராக்டர்கள் பழக்கூடையோடு போகும், கிராமத்துக்குள் நுழைந்தாலே புளித்த மாவு போல ஒரு வாசனை வரும். கடலும் கோடை முழுக்கச் சூடேறி இருப்பதால் எல்பாவில் இறங்கிக் குளிக்கலாம்.

காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக என்பது விதி. கோடைக்கு முன்னால் நேர ஒதுக்கீடு கிடைப்பது கஷ்டம், எனவே மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். நிறுவனத்திடமிருந்து ஒவ்வொரு இரவும் எந்த ஓட்டல் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். விசா அலுவலருக்கு அது பெரிய உதவி. சுற்றுலாவுக்கு முன்னும் பின்னும் தங்கும் நாட்களுக்கும் முன்பதிவு காட்ட வேண்டும்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசாவுக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. பாலிசியை எடுத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். சைக்கிள் ஓட்டும்போது விழுந்தால் செலவைத் தருமா, இ-பைக்குக்குப் பொருந்துமா? 'சாகச விளையாட்டு' என்று ஒதுக்கிவிடுகிற பாலிசிகள் உண்டு. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதப் பயிற்சி

வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டத்தைப் படிப்படியாக அறுபது கிலோமீட்டர் வரைக்கும் கொண்டுவாருங்கள். அதற்குமேல் தேவையில்லை.

தட்டையான ஊரில் இருப்பவர்கள் மேட்டுக்கு என்ன செய்வது? மேம்பாலத்தைப் பத்து முறை ஏறி இறங்குங்கள் என்று எனக்குச் சொன்னார்கள். செய்தேன், போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி 'என்ன சார் தொலைச்சிட்டீங்க?' என்று கேட்டார். மேம்பாலம் ஓரளவுக்கு உதவும். ஆனால் அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். கியான்டியில் ஒரு மேடு அரை மணி நேரம் போகும். ஒரே ஒரு முறையாவது ஏலகிரி போய்ப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் சின்ன கியரில், பேசிக்கொண்டே ஏறுகிற வேகத்தில் ஏறிப் பாருங்கள். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எங்கள் கைடு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்ததும் அதைத்தான்: 'பியானோ, பியானோ.' மெல்ல, மெல்ல.

பையில் என்ன

சைக்கிளைக் கொண்டுபோக வேண்டாம், அங்கே தருவார்கள். உங்கள் சீட் உங்களுக்குப் பழகியது என்றால் அதைக் கழற்றிக் கொண்டுபோகலாம். கிளிப் பெடல் பழக்கமென்றால் பெடலும் ஷூவும். ஹெல்மெட் இத்தாலியில் பெரியவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. அதை விட்டுத்தள்ளுங்கள், போட்டுக்கொள்ளுங்கள்.

பேடு வைத்த ஷார்ட்ஸ் மூன்று. அதற்கு உள்ளே எதுவும் அணியக் கூடாது. இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, உள்ளாடையோடு போட்டுக்கொண்டு இரண்டாம் நாள் உட்கார முடியாமல் தவிப்போம். தையல் உரசுவதுதான் காரணம். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள், உரசலுக்கென்றே இருக்கிற கிரீம் நல்லது.

மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் ஒன்று கட்டாயம். வியர்வையோடு ஏறி, உச்சியில் நின்று, அப்படியே பத்து கிலோமீட்டர் இறங்கினால் செப்டம்பரிலும் பல் கிட்டும். அப்புறம் நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்கிற எலெக்ட்ரால் பாக்கெட் ஒரு பத்து. எனக்குத் தொடை பிடித்ததற்கு மேடு பாதிக் காரணம், உப்பு இழந்தது மீதிக் காரணம். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். முதல் வாய் வைத்ததும் யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, பல நூற்றாண்டாக அப்படித்தான்.

முதல் நாள்: சைக்கிளோடு அரை மணி நேரம்

சைக்கிள் கொடுக்கும் இடத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மூன்று வேலை பாருங்கள்.

முதலில் சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசாக மடங்கும், அதுதான் சரி. தாழ்வாக இருந்தால் மூன்றாம் நாள் முழங்கால் வலி நிச்சயம்.

அடுத்தது கியர். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பல் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னால் சின்னது 34. இந்தச் சேர்க்கை இருந்தால் கியான்டியில் எந்த மேட்டையும் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

மூன்றாவது பிரேக். இது உயிர் சமாச்சாரம். நம்மூர் சைக்கிள்களில் வலது கை பிடித்தால் முன்சக்கரம் நிற்கும், இடது கை பின்சக்கரம். ஐரோப்பாவில் வாடகை வண்டிகளில் பெரும்பாலும் தலைகீழ்: இடதுதான் முன்சக்கரம். கியான்டியில் ராடா என்ற ஊர்ப் பக்கத்தில் ஓர் இறக்கம், ஜல்லிச் சாலை. எதிரே ஒரு டிராக்டர் வந்தது. பழக்க தோஷத்தில் பின்பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினேன். முன்சக்கரம் பூட்டிக்கொண்டது, ஜல்லியில் வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்தேன். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போனது. டிராக்டர்காரர் இறங்கி வந்து என்னைப் பார்க்கவில்லை; முதலில் ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். சைக்கிள் ஊர்க்காரர் என்றால் அப்படித்தான் போல. காலி மைதானத்தில் பத்து நிமிஷம் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பழகுங்கள். வேண்டுமானால் பிரேக் வயரை மாற்றிப் போட்டுத் தரச் சொல்லலாம். முன்கூட்டியே சொன்னால் பலரும் செய்து தருவார்கள்.

சாலை முறை

வலது பக்கம் ஓட்ட வேண்டும். நேர்சாலையில் மறக்காது, காபி குடித்துவிட்டுக் கிளம்புகிற முதல் நிமிஷத்தில் மறக்கும். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் 'வலது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். சுரங்கப் பாதைக்குள்ளும், இருட்டியபின் ஊருக்கு வெளியேயும் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். கைடு பின்னாலிருந்து 'மாக்கினா!' என்று கத்தினால் கார் வருகிறது. 'பூகா!' என்றால் பள்ளம். அவசர எண் 112.

வெள்ளைச் சாலைகள் என்று அங்கே சொல்வது சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்ட மண்சாலைகளை. தார் போடாமல் வேண்டுமென்றே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சைக்கிள் விழாவே காரணம் என்று சொல்லலாம். 1997-இல் கயோலே என்ற சிற்றூரில் 'லெரோய்க்கா' தொடங்கியது. பழைய இரும்புச் சட்டச் சைக்கிள்களில், கம்பளி ஜெர்சி போட்டுக்கொண்டு இந்தச் சாலைகளில் ஓட்டுகிற விழா. சாலைகள் தாருக்குள் மறைந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். 2007-இலிருந்து தொழில்முறை வீரர்களின் 'ஸ்த்ராதே பியாங்கே' பந்தயமும் இதே சாலைகளில் ஓடிச் சியெனாவின் பெரிய சதுக்கத்தில் முடிகிறது.

இந்தச் சாலையில் ஓட்டும் விதம் வேறு. இறக்கத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். வண்டி தானாக ஆடி வழி தேடிக்கொள்ளும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவில் பிரேக் தொட வேண்டாம். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் ஜல்லியில் சுழலும், உட்கார்ந்தே ஏறுங்கள். கார் போனால் மாவு மில் வாசலில் நின்றது போல ஆகிவிடுவீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒயின் விஷயம்

கிரேவேயிலிருந்து தெற்கே பார்க்கிற இடமெல்லாம் சாஞ்ஜோவேசே திராட்சை. கியான்டி கிளாசிக்கோ என்று போட வேண்டுமென்றால் அந்த ஒயினில் குறைந்தது நூற்றுக்கு எண்பது பங்கு இந்தத் திராட்சை இருக்க வேண்டும். பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். சேவலுக்கு ஒரு கதை உண்டு. ஃப்ளாரன்ஸும் சியெனாவும் எல்லைக்காகச் சண்டை போட்டு ஓய்ந்து, ஒரு முடிவுக்கு வந்தனவாம்: சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் ஒரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கும் இடம் எல்லை. சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடியுமுன்பே கூவிவிட்டது. வீரர்கள் சந்தித்த இடம் ஃபோந்தேரூத்தொலி, சியெனாவுக்குப் பக்கத்திலேயே. காஸ்டெல்லினாவிலிருந்து சியெனா போகும் வழியில் அந்தக் குக்கிராமத்தைக் கடந்துதான் நீங்களும் போவீர்கள். கதைதான், ஆனால் அந்தச் சாலையில் மிதிக்கும்போது நம்பத் தோன்றுகிறது.

எல்லையை ஆவணத்தில் எழுதியது பிறகு, 1716-இல், மூன்றாம் கோசிமோ என்ற டஸ்கனிப் பெருங்கோமகன். எந்த ஊர்த் திராட்சைக்குக் கியான்டி என்ற பெயர் பொருந்தும் என்று ஆணை போட்டார். கயோலே அருகே ப்ரோலியோ கோட்டையில் இருந்த பெத்தீனோ ரிக்காசோலி, ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர், 1872-இல் எந்தத் திராட்சையை எதற்காகக் கலக்க வேண்டும் என்று கடிதம் எழுதி வைத்தார். கோட்டைக்குப் போகும் வெள்ளைச் சாலை இருபுறமும் சைப்ரஸ் மரங்களோடு ஏறுகிறது. குழுவில் யாரும் பேசாமல் மிதித்த ஒரே இடம் அது. அழகு பாதி, மேடு பாதி.

நடைமுறைக்கு வருவோம். ருசி பார்க்கும் கூடங்களில் மூன்று முதல் ஐந்து வகை ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய். மேஜையில் ஒரு பாத்திரம் இருக்கும். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அதில் துப்பலாம், கிளாஸில் மீதியை ஊற்றலாம். அது மரியாதைக் குறைவு அல்ல. தொழில் தெரிந்தவர்கள் செய்வதே அதுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான இத்தாலியச் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும். ருசி பார்ப்பது மாலையில், ஓட்டம் முடிந்தபின் இருக்கிற திட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு வைத்திருக்கிற திட்டத்தை யார் போட்டார்களோ, அவர்கள் சைக்கிள் ஓட்டுகிறவர்களாக இருக்க மாட்டார்கள்.

குடிக்காதவர்களுக்கு இந்தப் பயணம் வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே தோட்டங்களில் ஆலிவ் எண்ணெயும் உண்டு. புது எண்ணெயை ஒரு கரண்டி குடித்துப் பார்த்தால் தொண்டையில் மிளகு போலக் காறும்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள். 'சென்ஸா கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல். மீனும் வேண்டாமென்றால் 'சென்ஸா பெஷே' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தடித்த நூல் போன்ற பீச்சி பாஸ்தாவைப் பூண்டுத் தக்காளிச் சாற்றோடு கேளுங்கள். காய்ந்த ரொட்டியையும் கீரையையும் பீன்ஸையும் போட்டு வேகவைத்த ரிபோல்லீத்தா நம் வாய்க்கு ஒத்துவரும், ஆனால் இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பர்மிஜானோ சீஸ் உறைய வைப்பது கன்றின் இரைப்பை நொதியால், கண்டிப்பான சைவர்கள் கவனிக்க. கடற்கரைக்கு வந்ததும் சேச்சீனா கிடைக்கும்: கடலைமாவை நீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, அகலத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவது. பஜ்ஜி மாவை அடையாக வார்த்தது போல இருக்கும். மேலே மிளகுத்தூள் தூவித் தருவார்கள். இரண்டு துண்டில் நிறுத்த முடிந்தால் நீங்கள் பெரியவர்.

மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறை மூடிவிடும், ராத்திரி ஏழரைக்கு முன் திறக்காது. இடையில் பசித்தால் கடையில்லை. ஜெர்சிப் பையில் ஒரு கடலைமிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

மலையிலிருந்து கடலுக்கு

சியெனாவிலிருந்து வோல்தெர்ரா சுமார் ஐம்பது கிலோமீட்டர். வோல்தெர்ரா 530 மீட்டர் உயரத்தில் குன்றின்மேல் இருக்கிற, ரோமானியருக்கு முன்பு இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் காலத்து ஊர், வெள்ளைப் பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லைச் செதுக்கும் பட்டறைகள் இன்றும் உண்டு. கொல்லே தி வால் தெல்சா பக்கமிருந்து போனால் ஏற்றம் பிரிந்து பிரிந்து வரும், தாங்கலாம். எதிர்ப்பக்கம் சலீனேயிலிருந்து ஏறினால் ஒரே மூச்சில் ஒன்பது கிலோமீட்டர் மேடு. நல்ல திட்டம் அதை இறக்கமாகத்தான் வைத்திருக்கும். மறுநாள் காலை அந்த ஒன்பதையும் பெடல் தொடாமல் இறங்கும்போது ஜாக்கெட் நினைவிருக்கட்டும்.

கீழே செச்சினா ஆற்றுப் பள்ளத்தாக்கு. முதன்முறையாகத் தட்டையான சாலை. அதன்பின் போல்கெரி. சான் குயீதோவிலிருந்து ஊர் வரை ஐந்து கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோடு, இரு பக்கமும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சைப்ரஸ்கள். இங்கே சாஞ்ஜோவேசேயைவிடப் பிரெஞ்சுத் திராட்சைகளுக்குத்தான் பெயர். சாஸ்ஸிகாயா என்ற ஒயின் 1968 அறுவடையிலிருந்துதான் சந்தைக்கு வந்தது, இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் சைக்கிள் வாடகை மலிவாகத் தெரியும்.

அங்கிருந்து பியோம்பீனோ வரைக்கும் ஒரு நாள் ஓட்டம். வழியில் பராத்தி விரிகுடாவில் நில்லுங்கள். கடற்கரை மணலில் கறுப்பாக மின்னுவது இரும்புக் கசடு. எல்பாவிலிருந்து தாதுவைக் கப்பலில் கொண்டுவந்து எத்ருஸ்கர்கள் இங்கேதான் உருக்கினார்கள். நாளைக்கு நீங்கள் போகப்போவது அந்தத் தாது வந்த வழியில்தான், திசை மட்டும் எதிர்.

எல்பா

பியோம்பீனோவிலிருந்து போர்ட்டோஃபெர்ராயோவுக்குக் கப்பல் சுமார் ஒரு மணி நேரம். சைக்கிளைக் கார் தளத்தில் ஓரமாகச் சாய்த்துக் கட்டுவார்கள். பயணத்தின்போது அங்கே இறங்க விடமாட்டார்கள், அதனால் ஜிபிஎஸ் கருவி, பணம், தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். பலத்த காற்று அடித்தால் கப்பல் ரத்தாகும். ஆகவே தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு இரவு இடைவெளி விடுங்கள்.

துறைமுகத்தின் பெயருக்கே இரும்புத் துறை என்றுதான் பொருள். சிசிலி, சார்டீனியாவுக்கு அடுத்து இத்தாலியின் மூன்றாவது பெரிய தீவு, என்றாலும் 224 சதுர கிலோமீட்டர்தான். நெப்போலியனை 1814 மே மாதம் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பத்து மாதம் இருந்தான். சும்மா இருக்கவில்லை, சாலை போட்டான், தீவுக்கு மூன்று தேனீக்கள் பறக்கும் ஒரு கொடி வரைந்தான், அப்புறம் 1815 பிப்ரவரியில் கிளம்பிப் போய்விட்டான். கொடி இன்றும் பறக்கிறது.

சின்னத் தீவு, கடற்கரைச் சாலை, இனிமேல் மேடில்லை என்று நான் நினைத்தேன். மறுபடியும் அதே தப்பு. எல்பா என்பது கடலுக்குள் நிற்கிற மலை. மோன்தே கப்பான்னே 1,019 மீட்டர். கடற்கரைச் சாலை என்று பெயர், ஆனால் ஒவ்வொரு முனைக்கும் ஏறி ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் மேற்குச் சுற்றை எடுங்கள். ப்ரோக்கியோவில் கிளம்பி மர்ச்சானா மரீனா, மேலே மர்ச்சானா, பிறகு மேற்கு முனையைச் சுற்றிக் கியெஸ்ஸி, போமோன்தே, ஃபெத்தோவாயா, காவோலி, மரீனா தி காம்போ, மறுபடி ப்ரோக்கியோ. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போங்கள். வலது பக்கம் ஓட்டுகிற நாட்டில் அப்படிப் போனால் கடல் உங்கள் பக்கம் இருக்கும்; இடையில் கார் வராது. தவிர, பெரிய ஏற்றம் காலையிலேயே முடிந்துவிடும். அதிகாலையில் கிளம்பினால் வடக்குச் சரிவில் கஷ்கொட்டை மர நிழலும் கிடைக்கும். மேற்குப் பக்கம் திரும்பியதும் மரம் போய்விடும், வெறும் கருங்கல், கீழே நீலம், வானம் தெளிவாக இருந்தால் எதிரே கோர்சிகா.

மர்ச்சானாவில் மலை உச்சிக்குப் போக ஒரு கம்பிவட வண்டி இருக்கிறது. வண்டி என்றால் மஞ்சள் கம்பிக்கூண்டு. இரண்டு பேர் நின்றுகொண்டே போகலாம், இடுப்பளவுக்குத்தான் தடுப்பு. காய்கறிக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. உயரத்தைக் கண்டால் கால் கூசுகிறவர்கள் கீழேயே காபி குடிக்கலாம், நான் போய்விட்டு வந்து அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

போமோன்தேயில் கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்தில் 1972-இல் மூழ்கிய எல்விஸ்காட் என்ற சரக்குக் கப்பல் கிடக்கிறது. பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். நீந்தத் தெரிந்தவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு மேலிருந்தே பார்க்கலாம். சைக்கிள் ஷார்ட்ஸோடு இறங்காதீர்கள், பேடு ஸ்பாஞ்ச் போலத் தண்ணீர் குடித்து மீதிப் பாதை முழுக்க உப்போடு உரசும். இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்க வேண்டாம்.

திரும்பும்போது

பியோம்பீனோ துறைமுகத்தை ஒட்டியே ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து கம்பீலியா போய் மாறினால் பீசா, ரோம் இரண்டு பக்கமும் ரயில் கிடைக்கும்.

வாங்கி வந்த ஒயினைக் கைப்பையில் வைக்க முடியாது. பெட்டியில், அழுக்கு ஜெர்சிகளில் சுற்றி, நடுவில் வையுங்கள். இந்தியாவுக்குள் ஒருவர் சுங்கம் கட்டாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். கியான்டி பாட்டில் முக்கால் லிட்டர், இரண்டு எடுத்தால் ஒன்றரை. மீதி அரை லிட்டருக்கு எல்பாவின் அலெயாத்திகோ இருக்கிறது: திராட்சையை வெயிலில் காயவைத்துச் செய்கிற இனிப்புச் சிவப்பு ஒயின். அதைப் பல தோட்டங்களில் அரை லிட்டர் பாட்டிலில்தான் அடைக்கிறார்கள். கணக்கு சரியாக வரும்.